அமிர்தியில் முடக்குவாதம்: வாரம் ஒருநாள் மாத்திரையும் அதற்கான காவலும்

முடக்குவாத மருந்துகளைப் பற்றிய பேச்சு நம் மருத்துவ அரங்குகளில் விரைவிலேயே விலையுயர்ந்த உயிரியல் ஊசிகளின் பக்கம் போய்விடுகிறது. வேலூரை அடுத்த அமிர்திக் காட்டோர ஊர்களையும் ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழில் ஊர்களையும் முன்வைத்துப் பார்த்தால் இந்த முன்னுரிமை தவறு என்பதே என் வாதம். இங்கே நோயாளியின் கைகளைக் காக்க வல்லது மெதோட்ரெக்ஸேட் என்னும் மலிவான பழைய மாத்திரை. அதற்கான ரத்தப் பரிசோதனை வீட்டுக்கு எவ்வளவு அருகில் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே அது பலிக்கும்.

இந்நோய் ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு அதிகம் தாக்குகிறது. பெரும்பாலும் மணிக்கட்டிலும் விரல்களின் அடிக்கணுக்களிலும் தொடங்குகிறது. ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கும் பெண்ணுக்குப் பிழைப்பே அந்தக் கணுக்களில்தான். விடிந்து ஒரு மணி நேரமாகியும் கை மடங்காவிட்டால், வேலை அலுப்பு என்று மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். 2006-இல் சிக்குன்குனியா பரவியதிலிருந்து, காய்ச்சல் விட்டுப்போன வலி என்ற விளக்கமும் சேர்ந்துகொண்டது. அது பலருக்கு உண்மைதான். ஆனாலும் ஆறு வாரம் கடந்தும் வீக்கம் வடியாதவருக்கு ருமட்டாய்டு காரணியும் சி.சி.பி. எதிர்ப்பொருளும் பார்த்தே ஆக வேண்டும். எலும்பரிப்பு முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே தொடங்கிவிடக்கூடும். ஸ்டீராய்டு ஊசி போட்டதும் கிடைக்கும் சுகம் அந்தக் காலத்தை மறைத்துவிடுகிறது.

மெதோட்ரெக்ஸேட் எழுதித் தந்தால் 'கேன்சர் மாத்திரை' என்று யாரோ சொல்லக் கேட்டு நிறுத்திவிடுபவர்கள் உண்டு. அச்சத்துக்கு வரலாற்றில் வேர் இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில் லெடர்லி ஆய்வகம் ஃபோலிக் அமிலத்துக்கு எதிரான மருந்துகளை உருவாக்கியது. அவற்றுள் ஒன்றான அமினோப்டெரினைக் கொண்டு சிட்னி ஃபார்பர் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் தணிந்ததை 1948-இல் காட்டினார். 1951-இல் அதே மருந்து முடக்குவாதத்துக்கும் தரப்பட்டது. அதன் உடன்பிறப்பான மெதோட்ரெக்ஸேட் குறைந்த அளவில் பயன்தருவதை 1985-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வுகள் நிறுவின. மூட்டுக்குத் தரும் அளவு வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம்வரை. புற்றுநோய்க்கு அதைவிடப் பல மடங்கு தரப்படுவதுண்டு. இந்த வேறுபாட்டை மருந்துச்சீட்டு எழுதும் நேரத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. வாரம் ஒருமுறை என்பதைத் தினம் ஒருமுறை என்று புரிந்துகொண்டால் வாய் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து, உயிரே போகலாம். சிறுநீரகம் தளர்ந்தவருக்குச் சரியான அளவும் நஞ்சாகலாம். ஆகவே சீட்டில் 'செவ்வாய் மட்டும்' என்று கிழமையைத் தமிழில் எழுதுவதும், உடன் தரும் ஃபோலிக் அமில மாத்திரைக்கு வேறொரு கிழமை குறிப்பதும் சிகிச்சையின் பகுதியே. முதல் மூன்று மாதங்களில் சில வாரங்களுக்கொருமுறையும் பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கொருமுறையும் ரத்த அணுக்கள், கல்லீரல், கிரியாட்டினின் பார்க்க வேண்டும். மருந்தின் பலன் தெரியவே ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அமிர்தியிலிருந்து வேலூர் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு நாள் கூலியை இழக்கும் பெண், பலன் தெரியுமுன்பே நின்றுவிடுவதை அலட்சியம் என்று சொல்வது அநியாயம்.

நோயைக் கண்டறிவதும் மருந்தைத் தொடங்குவதும் வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களின் வாதநோய் மருத்துவர்களிடமே இருக்கட்டும். கண்காணிப்பு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வர வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் தமிழக அரசுத் திட்டம் நீரிழிவு, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளை வாசலுக்கே கொண்டுபோகிறது. அந்தப் பாதை ஏற்கெனவே இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கு மெதோட்ரெக்ஸேட்டில் பழக்கமில்லை என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் எந்த எண் ஏறினால் அல்லது இறங்கினால் மாத்திரையை நிறுத்திவிட்டு வேலூருக்கு அனுப்ப வேண்டும் என்ற விதி ஒரே பக்கத்தில் அடங்கும்.

மெதோட்ரெக்ஸேட்டில் மட்டும் பலன் காணாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் உடனே உயிரியல் ஊசிதான் வழி என்றில்லை. மெதோட்ரெக்ஸேட்டுடன் சல்ஃபாசலசினும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் சேர்ந்த மும்மருந்துக் கூட்டு, எட்டனெர்செப்ட் என்னும் உயிரியல் ஊசி சேர்ந்த சிகிச்சைக்குக் குறைந்ததல்ல என்று 2013-இல் வெளியான ராகாட் ஆய்வு காட்டியது. எட்டனெர்செப்ட் போன்ற டி.என்.எஃப். தடுப்பு மருந்துகள் உறங்கிக் கிடக்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடியவை என்பதால், நம் நாட்டில் ஊசிக்குப் போகத் தயங்குவது இன்னும் பொருத்தமானது. மும்மருந்தும் தோற்றவருக்கு, காசநோய்ப் பரிசோதனை முடித்தபின், ஊசி தேவைதான்; அதை மறுப்பது என் நோக்கமல்ல.

இன்னொன்று எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஷூ கம்பெனி வண்டி ஏறும் பெண்களில் பலர் பிள்ளை பெறும் வயதினர். மெதோட்ரெக்ஸேட் கருவைச் சிதைக்கும். கருத்தரிக்கும் முன்பே நிறுத்தியாக வேண்டும். மாமியார் உடன் நிற்கும் புறநோயாளர் அறையில் இதைக் கேட்க மருத்துவரும் தயங்குகிறார், சொல்ல அந்தப் பெண்ணும் தயங்குகிறாள். தன் பகுதித் தம்பதியரின் பதிவேட்டை வைத்திருக்கும் கிராம சுகாதாரச் செவிலியர் அந்தக் கேள்வியை அவள் வீட்டிலேயே தனியாகக் கேட்க முடியும். குழந்தை வேண்டும் என்றால், மருத்துவரிடம் சொல்லி உரிய காலத்தில் சல்ஃபாசலசினுக்கோ ஹைட்ராக்ஸிகுளோரோகுயினுக்கோ மாற்றலாம். அதற்கு, மெதோட்ரெக்ஸேட் சாப்பிடும் பெண்களின் பெயர்களும் அந்தச் செவிலியரின் பதிவேட்டில் இடம்பெற வேண்டும்.