நட்சத்திர ஆமையின் ஓடு: அமைப்பும் நலமும்

நட்சத்திர ஆமை என்பது வடமேற்கு இந்தியாவிலும் அதை ஒட்டிய பாகிஸ்தானிலும், தென்னிந்தியாவின் முட்புதர்க் காடுகளிலும், இலங்கையின் உலர் வலயத்திலும் வாழும் தரையாமையாகும். ஜியோகெலோன் எலிகன்ஸ் என்பது இதன் அறிவியற்பெயர். கருநிற ஓட்டின் ஒவ்வொரு தகட்டிலும் நடுவிலுள்ள மஞ்சள் திட்டிலிருந்து கோடுகள் விண்மீன் கதிர்போல் விரிவதால் இப்பெயர் பெற்றது. அந்த அழகே அதனைக் காட்டிலிருந்து பிடித்து விற்பதற்கும் வீட்டில் அடைத்து வைப்பதற்கும் காரணமாயிற்று.

நாமக்கல் வட்டாரத்தில் முட்டைக்கோழி வளர்ப்போர், தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் தோல்முட்டை விழும் என்பதை நன்கறிவர். ஆமை ஓட்டுக்கும் சுண்ணாம்புச் சத்தே அடிப்படை என்றாலும், இரண்டும் ஒருதன்மையன அல்ல. முட்டை ஓடு கால்சியம் கார்பனேட்டால் ஆன உயிரற்ற உறை. ஆமை ஓடோ முதுகெலும்பும் விலா எலும்புகளும் தோலில் தோன்றும் எலும்புகளும் ஒன்றாய்ப் பிணைந்த, குருதியோட்டமும் தொடுவுணர்ச்சியும் உள்ள உடலுறுப்பு. முதுகுப்புறம் மேலோடு எனவும் வயிற்றுப்புறம் அடியோடு எனவும் வழங்கும் இவ்வெலும்புப் பேழையின் மீது, நகத்துக்கும் கொம்புக்கும் மூலமான கெரட்டின் என்னும் புரதத்தால் ஆன தகடுகள் போர்த்தியுள்ளன. மேலோட்டின் நடுவரிசையில் 5 தகடுகளும், அதன் இருபுறமும் 4 வீதம் 8 தகடுகளும், அவற்றைச் சூழ்ந்து ஓரத்தகடுகளும் அமைந்திருக்க, வேறு பல தரையாமைகளுக்குக் கழுத்தின் மேலே காணப்படும் சிறு தகடு இவ்வினத்துக்கு இல்லை.

தகட்டின் விளிம்பில் புதிய கெரட்டின் சேரச் சேர வளையங்கள் உண்டாகின்றன. அவற்றை எண்ணி ஆமையின் வயதைச் சொல்லும் வழக்கம் பரவலாக இருப்பினும், உணவும் மழையும் வாய்க்கும் காலந்தோறும் வளர்ச்சி விரைந்து ஓராண்டிலேயே பல வளையங்கள் தோன்றக்கூடும் என்பதால், அக்கணக்கு நம்பத்தக்கதன்று.

வளர்ப்பு ஆமைகளிடம் மிகுதியாகக் காணப்படும் குறை கூம்பு வளர்ச்சி எனப்படும். ஓடு சீரான கவிகையாக வளராமல் ஒவ்வொரு தகடும் தனித்தனிக் கூம்பாக மேலெழுவதே அது. காட்டிலுள்ள நட்சத்திர ஆமைகளிலும் தகடுகள் ஓரளவு மேடிட்டிருப்பது இயல்பாதலால், மேடு கண்டவுடன் நோய் என முடிவு செய்தல் தவறு. தகடுகளுக்கு இடையே ஆழ்ந்த பள்ளம் விழுவதும் ஓடு தட்டையாகிக் கோணுவதுமே கவலைக்குரியவை. இக்குறைக்குப் புரதம் மிகுந்த உணவே காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் ஆப்பிரிக்காவின் சுல்கேட்டா ஆமைக் குஞ்சுகளை வைத்து வீஸ்னர், ஈபன் ஆகிய ஆய்வாளர்கள் செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வு, காற்றின் ஈரப்பதம் குறைந்த சூழலில் வளர்ந்த குஞ்சுகளின் கூம்புகளே உயர்ந்திருந்தன என்றும், புரதத்தின் பங்கு சிறிதே என்றும் காட்டியது. வறண்ட நிலத்து ஆமைக்கு ஈரம் எதற்கு என்ற ஐயம் இங்கு எழலாம். காட்டில் அது வெயில் நேரத்தைப் புல்தூரின் அடியிலும் புதர் நிழலிலும் கழித்து, மழைக்காலத்தில் ஊக்கமாகத் திரிகிறது. சேலத்துக் கோடையில் மின்விசிறி சுழலும் அறையின் ஓடு பதித்த தரையில் அதற்கு அத்தகைய ஈர நிழல் கிடைப்பதில்லை.

கூம்பு வளர்ச்சியினும் கொடியது எலும்பு நலிவு நோய். ஓட்டிலும் கால்களிலும் உள்ள கால்சியம் கரைந்து, அழுத்தினால் ஓடு நெகிழ்ந்து கொடுக்கும் நிலை இது. உணவில் கால்சியம் பாஸ்பரசைப் போல் இருமடங்கேனும் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. வெள்ளரியும் தக்காளியும் சோறும் இதற்கு நேர்மாறானவை, புல்லும் கள்ளிச் செடிகளும் ஏற்றவை. சுண்ணாம்பு சேர்ந்ததென்று கோழித்தீவனத்தைத் தருவதும் தீர்வாகாது; தானியமும் புரதமும் செறிந்த அது புல்லுண்ணும் விலங்கின் குடலுக்கு ஒவ்வாது. உண்ட கால்சியம் உடலில் சேர வைட்டமின் டி3 வேண்டும். அது வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் தோலில் படும்போது உருவாகிறது. சன்னல் கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடுவதால், கண்ணாடித் தொட்டியைச் சன்னலோரம் வைப்பதால் வெப்பம் மிகுமேயன்றி நன்மை விளையாது.

தேங்காய் எண்ணெய் பூசி ஓட்டைப் பளபளப்பாக்குவதும், வண்ணம் தீட்டுவதும், துளையிட்டுக் கயிறு கட்டுவதும் முற்றிலும் தீயவை. எண்ணெய்ப் பூச்சில் அழுக்கு படிந்து கிருமிகள் பெருகும். துளை, உயிருள்ள எலும்பில் இடப்படும் புண்ணாகும். தகட்டின் அடியில் வெண்மையாகவோ சிவந்தோ திட்டு தோன்றி, கெட்ட நாற்றத்துடன் தகடு கழன்றால், அது பாக்டீரியாவோ பூஞ்சையோ தொற்றியதால் வந்த ஓட்டழுகல். மருத்துவமின்றி அது ஆறாது. ஒருமுறை கோணிய ஓடு பின்னர் நேராவதும் இல்லை.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று அஞ்சிய சமூகத்திலேயே இன்று அது செல்வம் தரும் என்ற நம்பிக்கையும் வளர்ந்திருப்பது இவ்விலங்குக்கு நேர்ந்த பெருந்தீங்கு. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம், 2023 ஏப்ரல் 1 முதல் நட்சத்திர ஆமையை முதல் அட்டவணையில் சேர்த்துள்ளது. பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையும் 2019இல் அதனை முதலாம் பின்னிணைப்புக்கு உயர்த்தியது. ஆகவே அதனைப் பிடிப்பதும் வாங்குவதும் விற்பதும் குற்றமாகும். வீட்டில் ஓர் ஆமை இருப்பின் அதனைத் தாமாகவே காட்டில் விடுதலும் தகாது; நோயைக் காட்டு ஆமைகளுக்குப் பரப்பவும், வேற்றிடத்து மரபுவழியைக் கலக்கவும் அது வழிசெய்யும். அதனை அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைப்பதே முறை.