சங்கற்பம்: கேட்பதா, செய்வதா?



கோயிலில் அர்ச்சனைத் தட்டைக் கொடுத்ததும் ஐயர் "பெயர், நட்சத்திரம்?" என்று கேட்பார். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "கடவுளுக்கு எங்களைத் தெரியாதா? ஏன் பெயர் சொல்ல வேண்டும்?" நல்ல கேள்விதான். அதற்கு வரலாற்றில் பதில் தேடலாம்.

பூசைக்கு முன் சொல்லப்படுவது சங்கற்பம். முதலில் காலமும் இடமும் வரும்: யுகம், ஆண்டின் பெயர், அயனம், மாதம், திதி, கிழமை, நாம் நிற்கும் தேசம். பிறகு ஆள்: பெயர், கோத்திரம், நட்சத்திரம். அதன்பின் நோக்கம். முடிவில் வரும் சொல் "கரிஷ்யே". அதற்குத் "தா" என்று பொருள் இல்லை, "நான் செய்வேன்" என்று பொருள். ஆக, பெயர் கேட்பது கடவுளுக்கு நம்மை அறிமுகம் செய்ய அல்ல. செய்பவர் யார் என்று நாமே பொறுப்பேற்கத்தான்.

சோழர் காலத்தில் இந்தப் பொறுப்பைக் கல்லிலே வெட்டி வைத்தார்கள். 1010 இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுக்களில், ஒரு விளக்கு எரிய 96 ஆடுகள் கொடுக்கப்பட்டன. அவற்றைப் பெற்ற இடையர் நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். வேட்டையில் தவறுதலாக ஒருவரைக் கொன்றவர், இறந்தவருக்காக விளக்கெரிக்க ஆடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பான செய்திகளும் சில ஊர்க் கல்வெட்டுக்களில் உண்டு. மனவருத்தம் மட்டும் போதவில்லை. தினமும் நெய் வந்தாக வேண்டும்.

இது சைவர்களுக்கு மட்டும் உரியதல்ல. நம் கத்தோலிக்க உறவுகள் ஒரு கருத்துக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பார்கள். முஸ்லிம்களின் தொழுகையும் நிய்யத்துடன்தான் தொடங்குகிறது.

1983 இற்குப் பின் நாம் சிதறியபோது சங்கற்பத்தில் ஒரு சிக்கல் வந்தது. எந்தத் தேசத்தின் பெயரைச் சொல்வது? அமெரிக்கக் கோயில்கள் சிலவற்றில் கிரௌஞ்சத் தீவு என்ற புராணப் பெயரைப் பொருத்திக்கொண்டார்கள். ஜேர்மனியின் ஹம் நகரில் 2002 இல் காமாட்சி அம்பாள் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. அகதியாய் வந்தவர்களும் "நான் இங்கே நிற்கிறேன்" என்று சொல்ல ஓர் இடம் கிடைத்தது.

ஆனால் இடத்தைவிடக் கடினமானது பெயர். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்கு எதைச் செய்வது? உயிரோடு இருப்பவருக்கு அர்ச்சனை, இறந்தவருக்குத் திவசம். எனக்குத் தெரிந்த ஒரு தாயார் 2009 முதல் மகனுடைய பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி வெள்ளிதோறும் அர்ச்சனை செய்விக்கிறார். உறவினர் சிலர் திதி பார்க்கச் சொன்னார்கள். அவர் இசையவில்லை. அந்தப் பெயரை அர்ச்சனையில் சொல்வதே அவரது சாட்சியம் என்று நான் நினைக்கிறேன்.

ஊரிலும் அப்படித்தான். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் உறவுகளைத் தேடும் குடும்பங்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கின. கும்பிட்ட கையோடு படத்தையும் ஏந்தி நின்றார்கள். பதில் கிடைக்காமலே பல பெற்றோர் காலமாகிவிட்டார்கள்.

நேயர்களே, காலையில் சுவாமிப் படத்தின் முன் ஒரு நிமிடம் நிற்கும்போது பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். இன்று என்ன நாள், நாம் எங்கே நிற்கிறோம், யாரை நினைக்கிறோம் என்று தமிழிலேயே சொல்லட்டும். பிறகு அவருக்காக இன்று செய்யப்போகும் ஒரு காரியத்தையும் சொல்லட்டும். அம்மம்மாவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பாக இருந்தாலும் போதும். கேட்பதோடு நில்லாமல் செய்வதையும் சேர்த்துச் சொன்னால் அதுவே சங்கற்பம்.