தாயும் பிள்ளையும் சுகம்: ஒரு செய்தியின் நூறு ஆண்டுகள்

பழைய மாணவிகள் நாம் எங்கிருந்தாலும் ஆவலோடு காத்திருக்கும் செய்தி ஒன்று உண்டு: "தாயும் பிள்ளையும் சுகம்." இன்று அது ரொறன்ரோவிலிருந்தோ கொழும்பிலிருந்தோ கைபேசியில் நொடியில் வந்துவிடுகிறது. வாழ்த்திவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். எமது சங்கத்தைத் தொடங்கிய மூத்த சகோதரிகளின் காலத்தில் அது அவ்வளவு இலகுவாக வந்த செய்தியன்று. 1930ஆம் ஆண்டளவில் இலங்கையில் 100 பிள்ளைப்பேற்றுக்கு ஏறத்தாழ இரண்டு தாய்மார் இறந்தனர். மலேரியா பரவிய 1935இல், பிறந்த 1,000 குழந்தைகளுள் 263 பேர் ஒரு வயதைக் காணவில்லை. அக்காலத்து வகுப்புப் படங்களைப் பார்க்கும்போது, அந்த வரிசைகளில் நிற்பவர்களுள் எத்தனை பேர் பேற்றறையிலிருந்து மீளவில்லையோ என்று எண்ணாமல் இருக்க முடிவதில்லை.

வைத்தியம் இல்லாமலில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் பிள்ளைப்பேற்று மருத்துவத்தை 1850களிலேயே தமிழ் நூலாக்கித் தந்தார். கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று மனை 1879இல் திறக்கப்பட்டது. பெண்களுக்கென்றே இணுவில் மக்லியொட் வைத்தியசாலை 1898இல் எழுந்தது. ஆயினும் பெரும்பாலான பேறுகள் வீட்டு மூலையிலேயே நடந்தன. ஊர் மருத்துவிச்சியின் கைராசியையோ, இன்றும் நாம் விரும்பி உண்ணும் சரக்குத்தூள் கறியையோ நாம் குறைகூறவில்லை. ஆனால் அடங்காத இரத்தப்போக்கு, வலிப்பு, பேற்றின் பின்னான காய்ச்சல் என்பவை எப்போது ஆபத்தாகின்றன என்பதை வீட்டில் எவரும் அறிந்திருக்கவில்லை. சுத்தமில்லாத கருவியால் கொப்பூழ்க்கொடி வெட்டப்பட்டு, ஏற்புவலியால் இறந்த குழந்தைகளுக்குப் "பேய் பிடித்தது" என்றார்கள்.

வைத்தியசாலைக்கும் வீட்டுக்கும் இடையிலிருந்த அந்தத் தூரத்தைக் கடந்த கதையே இந்த நூறாண்டின் கதை. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தது. நோயாளி வரும்வரை காத்திராமல், மருத்துவமாது வீடு தேடிச் செல்லும் முறை அதன்வழியே நாடெங்கும் பரவியது. அதே காலத்தில் பெண்களை ஓரிடத்தில் கூட்டிப் பேசவைத்தவர் வைத்தியர் மேரி இரட்ணம். கனடாவில் பிறந்து, 1896இல் இலங்கை வந்து, தமிழர் ஒருவரை மணந்து இம்மண்ணுக்கே உரியவரானவர் அவர். பாடசாலைகளுக்குச் சுகாதாரக் கைநூல் எழுதினார். கிராமப் பெண்களுக்காக லங்கா மகிளா சமிதியைத் தொடக்கினார். தையல், வீட்டுத்தோட்டம், சமையல் என்று கூடிய பெண்களிடையே குழந்தை வளர்ப்பும் பேசுபொருளாயிற்று. 1958இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது.

இதில் பள்ளிக்கூடத்துக்கும் பங்குண்டு. 1945இல் இலவசக் கல்வி வந்தபின் கிளினிக் அட்டையை வாசிக்கத் தெரிந்த பெண்பிள்ளை ஒருத்தி ஒவ்வொரு வீட்டிலும் உருவானாள். மனையியல் வகுப்பில் படித்ததை அவளே அம்மாவுக்கும் அம்மம்மாவுக்கும் சொன்னாள். கல்லூரி மண்டபத்தில் நடந்த சுகாதாரக் கண்காட்சி எங்களிற் பலருக்கு நினைவிருக்கும். முருங்கையிலை, பயறு, கௌபி, நெத்தலி எல்லாம் தட்டங்களில் அடுக்கியிருந்தோம். பொம்மையைக் குளிப்பாட்டிக் காட்டினோம். ஊர்த் தாய்மார் நிறைந்திருந்த அன்று, கடைசி வரிசையிலிருந்த ஆச்சி ஒருவர் எழுந்து, "கடும்புப் பாலை ஊத்திப்போட்டுத்தானே நாங்கள் பிள்ளையளை வளர்த்தனாங்கள்?" என்று கேட்டார். "அதுதான் ஆச்சி பிள்ளைக்கு முதல் தடுப்பு மருந்து" என்றார் மருத்துவமாது. ஆச்சி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு நாலு தங்கேல்லை" என்று மட்டும் சொன்னார். மண்டபம் அமைதியாயிற்று. எந்தப் பாடநூலும் எங்களுக்குக் கற்பிக்காததை அந்த ஒரு வசனம் கற்பித்தது.

போர்க்காலத்திலும் இப்பணி நின்றுவிடவில்லை. 1995இல் தேசிய போலியோ ஒழிப்பு நாட்கள் தொடங்கியபோது, யுனிசெப்பின் முயற்சியால் சொட்டு மருந்து கொடுக்கும் நாட்களில் சண்டையை நிறுத்த இரு தரப்பினரும் இணங்கினர். பாடசாலைகளிலும் கோயில்களிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு தாய்மார் வரிசையில் நின்றார்கள். நாட்டில் கடைசிப் போலியோ நோயாளி காணப்பட்டது 1993இல். எல்லாமே பிளவுபட்டிருந்த காலத்தில், குழந்தையின் உயிர் என்ற ஒன்றிலாவது உடன்பட முடிந்ததை நாம் மறக்கலாகாது.

இன்று 100,000 பேறுகளுக்குத் தாய்மார் இறப்பு 40க்கும் குறைவு. சிசு மரணம் 1,000க்கு 10ஐயும் எட்டுவதில்லை. ஆனால் இந்தச் சராசரிக்குள் மறைந்திருப்பவர்களும் உளர். 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடளாவிய ரீதியில் 17 வீதம். தோட்டப்புறங்களில் 32 வீதம். கொழுந்து பறிக்கும் தாய்க்கு அரைநாள் கிளினிக் என்பது அரைநாள் சம்பளம். அறிவு மட்டும் அவளுக்குப் போதாது. நேரமும் உணவும் வேண்டும்.

நூற்றாண்டு விழாவுக்கென எம்மவர் பலர் உதவி அனுப்பி வருகிறார்கள். அதில் ஒரு பங்கு மலையகத் தாய்மாரைச் சென்றடையட்டும் என்பது எமது விருப்பம். மருத்துவமாதரும் தாதியரும் ஆசிரியைகளுமாக எம்முள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பணத்தோடு அவர்களும் போகட்டும். ஆச்சிமார் பேசுவதையும் இருந்து கேட்கட்டும். அடுத்த மலரைத் தொகுக்கும் தங்கைமார், "தாயும் பிள்ளையும் சுகம்" என்ற செய்தி எல்லா லயன்களிலிருந்தும் சாதாரணமாக வருவதாக எழுதட்டும்.