தன்னியக்க ஒளிப்படச் சேகரிப்பு: ஒரு வரலாற்று நோக்கு

சமூக ஊடகங்கள் தோன்றியபின் ஒளிப்படத்தைப் பேணும் பொறுப்பு வீட்டு அல்பத்திலிருந்து நிறுவனங்களின் சேவையகங்களுக்குக் கைமாறியது. அக்கைமாற்றத்தை ஐயுற்றோர், குறித்த நேரத்தில் தானே இயங்கித் தம் புதிய படங்களைக் கணினியிற் சேர்க்கும் சிறு நிரலை நாடினர். படம் எடுத்தவருக்குரியதா, அதனை வைத்திருப்பவருக்குரியதா என்னும் வினா அந்நிரலின் வரலாற்றோடு பிணைந்துள்ளது.

இதற்கு வேண்டிய கருவிகள் சமூக ஊடகங்களுக்கு முந்தியவை. பெல் ஆய்வுகூடத்தின் யுனிக்ஸ் முறைமையில், 1979 ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே 'குரோன்' என்னும் நிரல் இடம்பெற்றிருந்தது. நிமிடம், மணி, திகதி, மாதம், கிழமை என்னும் ஐந்தினையும் எழுதிவைப்பின் அவ்வேளையில் அது கட்டளையை நிறைவேற்றும். 1996 இல் ஹர்வோயே நிக்சிச் என்பார் வெளியிட்ட 'டபிள்யூகெற்' மற்றொன்று. இடையில் அறுபட்ட தரவிறக்கத்தை விட்ட இடத்திலிருந்து தொடர வல்லது அது. இணைப்புகள் மெதுவாயிருந்த காலத்தின் தேவை அது.

2004 இல் தொடங்கிய பிளிக்கர், வெளி நிரல்கள் தரவு பெறுவதற்கென ஓர் இடைமுகத்தைத் திறந்துவைத்தது. நிரல் படங்களின் பட்டியலைக் கேட்கும். ஒவ்வொன்றின் அடையாள எண்ணையும் கோப்புறையில் உள்ளவற்றுடன் ஒப்பிடும். இல்லாததை மட்டும் பெறும். குரோன் அதனை இரவுதோறும் எழுப்பிவிடும். உரியவர் உறங்கலாம்.

இது வீண் அச்சத்தின் விளைவன்று. 2009 ஒக்ரோபரில் யாகூ நிறுவனம் ஜியோசிற்றீஸை மூடியபோது, 'ஆர்க்கைவ் ரீம்' என்னும் தன்னார்வலர் குழுவினர் இத்தகைய நிரல்களைக் கொண்டே அதன் பக்கங்களை இயன்றவரை மீட்டனர். மைஸ்பேஸோ, சேவையக மாற்றத்தின்போது மூன்றாண்டுகளுக்கு முந்திய படங்களும் இசையும் இழக்கப்பட்டிருக்கலாம் என 2019 இல் மிக எளிதாக அறிவித்துவிட்டது.

2018 இல் கேம்பிரிட்ஜ் அனலிற்றிக்கா விவகாரம் வெளியானது. 8 கோடி 70 இலட்சம் பேர்வரையில் முகநூற் தரவு முறைகேடாகப் பகிரப்பட்டிருக்கலாம் என அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. அவ்வாண்டிலேயே இன்ஸ்ரகிராம் தன் இடைமுகத்தைக் குறுக்கலாயிற்று. 2020 யூனில் பழைய இடைமுகம் முற்றாக மூடப்பட்டது. மக்களின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயின் அடைப்பு யாரைத் தடுத்தது? கிளியர்வியூ என்னும் நிறுவனம் பொதுப் பக்கங்களிலிருந்து 300 கோடிக்கு மேற்பட்ட முகப்படங்களைத் தன்னியக்கமாகத் திரட்டிக் காவற்றுறையினருக்கு வழங்கியமை 2020 ஜனவரியில் வெளிப்பட்டது. அதற்கு எவருடைய வாயிலும் தேவைப்படவில்லை. தன் படத்தைத் தானே பேண விழைந்தவர்தான் வெளியில் நின்றார்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022 ஆம் ஆண்டு எண்ணிமச் சந்தைச் சட்டம், பெருந்தளங்கள் பயனர்க்கு அவர்தம் தரவினைத் தொடர்ச்சியாகவும் கட்டணமின்றியும் வழங்க வேண்டும் எனப் பணித்தது. அக்கடமை 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு டிசெம்பரில், தனியாட் கணக்குகளுக்கென எஞ்சியிருந்த இடைமுகத்தையும் இன்ஸ்ரகிராம் நிறுத்திவிட்டது.