பாட்டு ஒன்று, பெயர் மூன்று

பாட்டை இயற்றியவர் யார் என்னும் வினா, ஏட்டுச்சுவடி ஆராய்வார்க்கு மட்டும் உரியதன்று. பாட்டு விலைபோகும் பொருளான காலத்தில், அவ்வினாவோடு ஊதியமும் ஒட்டிக்கொண்டது. ராக் அண்ட் ரோல் இசையின் முன்னோடிகளுள் ஒருவரான அமெரிக்கப் பாடகர் சக் பெர்ரியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

பெர்ரி 1926-ஆம் ஆண்டு மிசூரி மாநிலத்துச் செயிண்ட் லூயி நகரில் கறுப்பினக் குடும்பமொன்றில் பிறந்தார். இளமையில் கொள்ளைக் குற்றத்திற்காகச் சீர்திருத்தச் சிறையிலிருந்து, 1947-இல் விடுதலை பெற்றார். மோட்டார் தொழிற்சாலையில் உழைத்தார்; சிகை ஒப்பனைத் தொழிலும் பயின்றார். 1952-ஆம் ஆண்டின் இறுதி இரவில், பியானோ வல்லுநர் ஜானி ஜான்சன் தம் குழுவில் ஒருவர் நோயுற்றமையால், பெர்ரியைக் கிதார் வாசிக்க அழைத்தார். துணைக்கு வந்தவரே விரைவில் தலைவரானார்.

கறுப்பர் வளர்த்த புளூஸ் இசையையும் வெள்ளையர் பாடிய நாட்டுப்புற இசையையும் பெர்ரி ஒன்று கலந்தார். 1955-ஆம் ஆண்டு மே திங்களில், புளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் கூறியவாறு சிகாகோவிலிருந்த செஸ் இசைத்தட்டு நிறுவனத்தை நாடினார். 'ஐடா ரெட்' என்னும் பழைய மெட்டைத் தழுவி அவர் புனைந்த பாட்டு, 'மேபலீன்' என்னும் பெயரில் வெளிவந்தது. பில்போர்டு இதழின் கறுப்பின இசைப் பட்டியலில் அது முதலிடம் பெற்றது. பொதுப் பட்டியலிலும் 5-ஆம் இடத்தை எட்டியது.

ஆயினும், இயற்றியவர் என இசைத்தட்டில் குறிக்கப்பட்டோர் மூவர்! பெர்ரியோடு ஆலன் பிரீட், ரஸ் பிராட்டோ என்னும் இருவர் பெயரும் இருந்தன. பிரீட், வானொலியில் இசைத்தட்டுகளை ஒலிபரப்பிய புகழ்மிக்க அறிவிப்பாளர். பாட்டு இயற்றாதவர்க்கும் பங்கு கிடைத்தது. இயற்றியவர் பங்கு குறைந்தது. பிரீட் 1962-இல் இசைத்தட்டுக் கையூட்டு வழக்கொன்றில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 'மேபலீன்' பெர்ரிக்கு மட்டுமே உரியதென 1986-இல்தான் திருத்தப்பெற்றது. இடையே 31 ஆண்டுகள் கழிந்திருந்தன.

சிறுமி ஒருத்தியைத் தகாத நோக்குடன் மாநில எல்லை கடந்து அழைத்துச் சென்ற குற்றத்திற்காகப் பெர்ரி 1962 முதல் 1963 வரை மீண்டும் சிறையிலிருந்தார். அவர் உள்ளிருக்கையில், பீச் பாய்ஸ் குழுவினர் அவருடைய 'சுவீட் லிட்டில் சிக்ஸ்டீன்' மெட்டிலே 'சர்பின் யூ.எஸ்.ஏ.' பாடிப் பெரும்புகழ் ஈட்டினர். அதிலும் பெர்ரியின் பெயர் பின்னரே இடம்பெற்றது.

இவ்வாறு உரிமை இழந்தவர் மீதே, உரிமை கோரும் வழக்கொன்றும் எழுந்தது. 50-க்கு மேற்பட்ட பாட்டுகளைத் தாமும் சேர்ந்தே இயற்றியதாக 2000-ஆம் ஆண்டு ஜானி ஜான்சன் வழக்குத் தொடுத்தார். காலம் கடந்துவிட்டது என்று கூறி நீதிமன்றம் 2002-இல் அதனைத் தள்ளிவிட்டது. இசைக்கு அவர் ஆற்றிய பங்கு எத்துணையது என்பதை அத்தீர்ப்பு முடிவு செய்யவில்லை. ஜான்சன் 2005-இலும், பெர்ரி 2017-இலும் மறைந்தனர்.

1977-இல் விண்ணில் செலுத்தப்பெற்ற வாயேஜர் கலங்களின் பொன்முலாம் பூசிய இசைத்தட்டிலே பெர்ரியின் 'ஜானி பி. குட்' பாட்டும் உள்ளது. அப்பாட்டின் தலைவனுக்குப் பெயர் தந்தவர் ஜான்சனே என்பர். ஜானி என்னும் பெயர் பாட்டின் தலைப்பில் நிலைத்துவிட்டது. இயற்றியோர் வரிசையில் மட்டும் அதற்கு இடம் கிட்டவில்லை.