மில்லரின் 'மூசை': உருவகமும் வரலாறும்

நேரே கூறவியலாததைப் பிறிதொரு காலத்தின் மேலேற்றிக் கூறுதல் உருவக நாடகத்தின் பழைய வழக்காகும். ஆதர் மில்லரின் 'குரூசிபிள்' (மூசை) 1953இல் நியூயோர்க்கில் மேடையேறியபோது, 1692இல் மசாச்சுசெற்ஸின் சேலத்தில் நடந்த சூனிய விசாரணைகளிற் பார்வையாளர் மக்கார்த்தி காலத்துக் கம்யூனிச வேட்டையையே கண்டனர்.

சூனியக்காரிகள் இருந்ததில்லை, கம்யூனிஸ்டுகளோ இருந்தனர். ஆதலின் ஒப்புமை பொருந்தாது என்பாருளர். இதனை நாம் ஏற்பதற்கில்லை. மில்லர் ஒப்பிட்டது விசாரணை முறையையே. சேலத்திற் குற்றத்தை மறுத்த பத்தொன்பது பேர் தூக்கிலேறினர். ஒப்புக்கொண்டு பிறரைக் காட்டிக்கொடுத்தோர் உயிர் தப்பினர். ஹொலிவூட்டிலும் பெயர் சொன்னவர்க்கே தொழில் எஞ்சிற்று.

எமக்கு உடன்பாடற்றது வேறொன்று. வரலாற்று அபிகெயில் பன்னிரண்டு வயதளவான சிறுமி. புரொக்டர் அறுபதை அண்மியவர். மில்லரோ அவளைப் பதினேழு வயதினளாக்கி, அவரது வயதைக் குறைத்து, இருவரிடையே கள்ள உறவொன்றையும் புனைந்தார். நாடகம் தொட்டுச்செல்லும் நிலப்பிணக்குகள் இதனாற் பின்தள்ளப்பட, ஒரு சமூகத்தின் நோய் ஒரு பெண்ணின் பழிவாங்கலாகச் சுருங்கிவிடுகின்றது.

1956இல் மில்லரே பிரதிநிதிகள் சபைக் குழுவின் முன் அழைக்கப்பட்டார். தம் புரொக்டரைப் போலவே பிறர் பெயர்களைக் கூற மறுத்தார். 1957இல் அவமதிப்புக் குற்றவாளியாகக் காணப்பட்டார். அத்தீர்ப்பு 1958இல் மேன்முறையீட்டில் நீக்கப்பட்டது.