கல்லில் விடுபட்ட கேள்விக்குறி

முதல் உலகப் போரில் மாண்ட ஆங்கிலக் கவிஞர்களுள் முதன்மையாக வைத்து எண்ணப்படுபவர் வில்பிரட் ஓவன். 1893ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் பிறந்த அவர், 1915 அக்டோபரில் படையில் சேர்ந்து, 1917இன் தொடக்கத்தில் பிரான்சுப் போர்முனையை அடைந்தார். குண்டுகளின் அதிர்ச்சியால் உள்ளம் நலிவுற்று, எடின்பரோவிலுள்ள கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். அங்கு அவரைப் போலவே சிகிச்சைக்கு வந்திருந்த கவிஞர் சீக்பிரிட் சசூனின் நட்பு வாய்த்தது. போரின் புகழைப் பாடுவது தம் வேலையன்று, போர் விளைக்கும் அவலமே தம் பாடுபொருள் என்னும் தெளிவு அவர் கவிதைகளில் வேரூன்றிய காலம் அது.

நலம் பெற்ற ஓவன் 1918 ஆகசுட்டு இறுதியில் மீண்டும் போர்முனைக்குப் புறப்பட்டார். கடலை நோக்கி நின்று தாய் சூசனிடம் விடைபெற்றபோது அவர் கூறியவை, தாகூரின் கீதாஞ்சலியில் விடைபெறுதல் பற்றி வரும் அடிகள். அவர் மறைவுக்குப் பின் வந்து சேர்ந்த கைக்குறிப்பேட்டில் அவ்வடிகள் தாகூரின் பெயரோடு அவர் கையெழுத்திலேயே இருந்தன. இச்செய்தியை 1920இல் அத்தாயே தாகூருக்கு மடலாக எழுதினார். ஆளும் நாட்டின் படைவீரன் ஒருவனுக்கு இறுதி விடை சொல்ல ஆளப்பட்ட நாட்டின் கவிமொழி துணைநின்றது.

1918 நவம்பர் 4ஆம் நாள் விடியலில், ஓர்ஸ் என்னும் சிற்றூரின் அருகே சாம்பர்-உவாசு கால்வாயைக் கடக்க முயன்ற படையில் ஓவனும் இருந்தார். எதிர்க்கரையிலிருந்து வந்த குண்டுகளுக்கு அவர் இரையானார். அகவை இருபத்தைந்து. சரியாக ஏழு நாள்களில் போர் ஓய்ந்தது. நவம்பர் 11ஆம் நாள் சுரூசுபரி நகரில் போர் முடிந்த மகிழ்ச்சி மணிகள் ஒலித்த வேளையில், மகனின் இறப்பைக் கூறும் தந்தி பெற்றோர் இல்லத்தை அடைந்தது.

அவர் வாழ்நாளில் அச்சேறிய கவிதைகள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவன. முதல் தொகுதி 1920இல், சசூனின் முன்னுரையோடு வெளிவந்தது.

ஓர்ஸ் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அவர் உறங்குகிறார். நடுகல்லில் பொறிக்க, அவர் எழுதிய 'முடிவு' என்னும் கவிதையிலிருந்தே தாய் அடிகளைத் தேர்ந்தார். மாண்ட உடல்களுக்கு மீண்டும் உயிர் வருமா, இறப்பனைத்தையும் இறைவன் மெய்யாகவே நீக்குவானா எனக் கவிதை இரு வினாக்களை எழுப்புகிறது. முதுமையும் மண்ணும் இல்லை என்றே விடை கூறுகின்றன. கல்லிலோ இரண்டாம் வினா நடுவிலேயே நிறுத்தப்பட்டது. கேள்விக்குறியும் உடன் மறைந்தது. மகனின் ஐயம் தாயின் நம்பிக்கையாக மாறி நிற்கிறது.

மகனை இழந்தவளின் கையைக் குறை கூற எவருக்கும் மனம் வாராது. கல் அவளுக்கு ஆறுதல் தந்திருக்கலாம். எனினும் மாண்டவன் வீரன் மட்டும் அல்லன், கவிஞனும் ஆவான். வீரனுக்குக் கல் போதும். கவிஞனுக்கோ அவன் எழுதியது எழுதியவாறே நிற்க வேண்டும். விடுபட்ட அந்தக் கேள்விக்குறி இன்றும் அவன் நூலில்தான் இருக்கிறது.